சிறுநீரகத்துக்கு ஒரு கணக்கேடு

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே உத்தரமேரூர் நோக்கிச் செல்லும்போது, செய்யாற்றின் கரையில் மாகறல் என்னும் ஊர் வரும். திருஞானசம்பந்தர் பாடிய பழமையான சிவன் கோயில் அங்கே இருக்கிறது. அந்த வட்டாரத்து மக்களுக்குப் பட்டுத் தறியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தறியிலிருந்து ஒரு சேலை இறங்கியதும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? "நன்றாக நெய்திருக்கிறேன்" என்று நெசவாளி சொன்னால் மட்டும் போதாது. சேலையின் நீளத்தை அளப்பார்கள். எடை போடுவார்கள். கரையையும் முந்தானையையும் விரித்துப் பார்ப்பார்கள். சரிகையின் தரத்தைச் சோதிப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஏட்டில் எழுதுவார்கள். இன்ன சேலை, இன்ன தறி, இன்ன நாள், இன்ன எடை என்று எழுதி வைத்தால்தான், எங்கே குறை நேர்ந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது மாகறலில் ஒரு நெசவாளித் தாத்தா இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு நோய். இரத்த அழுத்தமும் கூடுதல். மாதம் ஒருமுறை பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார். "வைத்தியம் எப்படி, தாத்தா?" என்று கேட்டால், "நல்ல டாக்டர், அன்பாகப் பேசுகிறார்" என்பார். அன்பான பேச்சு மிகவும் நல்லதுதான். ஆனால் தாத்தாவின் சிறுநீரகங்கள் காப்பாற்றப்படுகின்றனவா என்பதை அந்தப் பேச்சு நமக்குச் சொல்லாது.

அவர் நெய்த சேலைக்கு ஏடு இருக்கிறது. அவருக்குக் கிடைக்கும் மருத்துவத்தின் தரத்தை எந்த ஏட்டில் எழுதுவது? எதை அளந்து எழுதுவது? இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

ஓசையில்லாமல் நடக்கும் வேலை

நம் முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவற்றை நெஃப்ரான்கள் என்கிறோம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவு நீர்தான் கழிவுகளோடு சிறுநீராக வெளியேறுகிறது.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்பு, பழுதுபடும்போது வலி தருவதில்லை. பல் கெட்டால் தூங்க விடாது. சிறுநீரகம் பாதி கெட்டாலும் பெரும்பாலோர் வழக்கம்போல் உண்டு, உறங்கி, வேலைக்குப் போய் வருவார்கள். கால் வீக்கம், குமட்டல், மூச்சு முட்டல் ஆகியவை தோன்றும்போது பெரும்பகுதி அழிந்து போயிருக்கும்.

வலி சொல்லாததை இரத்தச் சோதனை சொல்லுமா? சொல்லும், ஆனால் கவனித்துப் படிக்க வேண்டும். நம் தசைகளில் நாள்தோறும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருள் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ஒருவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் வடிகட்டும்போது இரத்தத்தில் கிரியாட்டினின் 0.8 மில்லிகிராம் இருக்கிறது என்று கொள்வோம். இது ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கான அளவு. வடிகட்டும் வேகம் பாதியாகக் குறைந்தால் கிரியாட்டினின் இரு மடங்காகும். கணக்கைப் பாருங்கள்:

வேகம் 120 எனில் கிரியாட்டினின் 0.8.
வேகம் 60 எனில் 1.6.
வேகம் 30 எனில் 3.2.
வேகம் 15 எனில் 6.4.

முதல் பாதியை இழக்கும்போது எண் 0.8 மட்டுமே கூடியிருக்கிறது. "1.6 தானே, கொஞ்சம்தான் கூடுதல்" என்று தோன்றும். ஆனால் அதற்குள் சிறுநீரகத்தின் ஆற்றலில் பாதி போய்விட்டது! சென்ற ஆண்டு எவ்வளவு இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் இந்தச் சிறிய ஏற்றத்தின் பொருள் விளங்கும். ஒரு தனி எண் ஊமை. வரிசையாக எழுதிய எண்கள்தாம் பேசும்.

மருத்துவர்கள் வடிகட்டும் வேகத்தைக் கொண்டு நோயை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். 90-க்கு மேல் இருந்து வேறு பழுது தென்பட்டால் முதற்படி. 60 முதல் 89 வரை இரண்டாம் படி. 30 முதல் 59 வரை மூன்றாம் படி. 15 முதல் 29 வரை நான்காம் படி. 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் படி, அதாவது கடைசிப் படி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற காரணங்களால் ஒரு நாள் எண் மாறிக் காட்டலாம். ஆகவே மூன்று மாதங்களுக்கு மேல் பழுது நீடித்தால்தான் இதை நாட்பட்ட நோய் என்கிறார்கள். இந்த முடிவுக்கு வரவும் பழைய எண் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

படிகாரம் கற்றுத் தந்த பாடம்

ஒரு நோயாளியின் எண்களை வரிசையாக எழுதுவதால் அவருக்குப் பயன் உண்டு. பல ஊர்களில் உள்ள பல நோயாளிகளின் எண்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் என்ன பயன்? இதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

கடைசிப் படிக்கு வந்தவர்களுக்கு டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்கிறார்கள். நோயாளியின் இரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஓடும். மறுபக்கம் உப்புகள் கலந்த தூய நீர் ஓடும். இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வின் வழியாக நீருக்குள் போய்விடும். இந்த நீர் பொதுவாக நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு எவ்வளவு நீர்? 500 × 240 = 1,20,000 மில்லிலிட்டர், அதாவது 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் குடிக்கும் நீர் வாரத்துக்குப் பதினைந்து லிட்டர் அளவுதான்!

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் ஆல்ஃப்ரேயும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒரு விந்தையான நோயை விவரித்தார்கள். நெடுங்காலம் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலருக்குப் பேச்சுக் குழறியது, கைகால் வெட்டி இழுத்தது, நினைவு தடுமாறியது. சில மாதங்களில் அவர்கள் இறந்தார்கள். 1976-இல் அதே குழுவினர், இப்படி இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள்.

இந்த நோய் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. சில மையங்களில் பலருக்கு வந்தது, வேறு சில மையங்களில் ஒருவருக்கும் வரவில்லை. ஒரே மருத்துவமனையில் உட்கார்ந்து பார்க்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பிரிட்டனில் 18 டயாலிசிஸ் மையங்களைச் சேர்ந்த 1,293 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அது 1979-இல் வெளியாயிற்று. மூளை நோயும் எலும்பு முறியும் நோயும் எங்கே மிகுதி என்று ஒரு பக்கமும், அந்தந்த மையத்தின் தண்ணீரில் அலுமினியம் எவ்வளவு என்று மறுபக்கமும் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின!

அலுமினியம் தண்ணீருக்குள் எப்படி வந்தது? கலங்கல் நீரைத் தெளிய வைக்க நம் வீட்டுப் பாட்டிமார் பானையில் படிகாரம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் அலுமினியம் உண்டு. நகரக் குடிநீர் நிலையங்களிலும் அலுமினிய உப்பைச் சேர்த்தே நீரைத் தெளிய வைக்கிறார்கள். நாம் குடிக்கும்போது குடல் அதில் மிகச் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆனால் வாரத்துக்கு 360 லிட்டர் நீர் ஒரு சவ்வுக்கு அப்பால் ஓடினால், அதுவும் சிறுநீரகமே இல்லாதவருக்கு ஓடினால்? காரணம் தெரிந்தபின், டயாலிசிஸ் நீரிலிருந்து உப்புகளை அகற்றும் முறைகள் எங்கும் கட்டாயமாயின. இன்று ஒவ்வொரு டயாலிசிஸ் மையத்திலும் ஒரு நீர்ச் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறதே, அது வந்த வரலாற்றில் இந்த ஒப்பீட்டுக்கும் பங்குண்டு.

அளவுகோலும் அளக்கும் முறையும்

ஐரோப்பிய நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கான பொதுப் பதிவேடு 1960-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் சிறுநீரகப் பதிவேடு 1995-இல் நிறுவப்பட்டது. அங்கே ஒவ்வொரு மையத்தின் கணிப்பொறியிலிருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரங்கள் திரட்டப்பட்டன. அவற்றை மருத்துவர்களின் சங்கம் வகுத்த தர அளவுகளோடு ஒப்பிட்டு, எந்த மையம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டார்கள்.

அந்தத் தர அளவுகளில் ஒன்றை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். டயாலிசிஸுக்கு முன் இரத்தத்தில் யூரியா எவ்வளவு, முடிந்தபின் எவ்வளவு என்று அளக்க வேண்டும். குறைந்த அளவு, முன்பிருந்த அளவில் எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும். வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்கு 65 விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

ஒரு நோயாளிக்கு முன்பு 150, பின்பு 60 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 90. 90-ஐ 150-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 60 விழுக்காடு. இது போதாது. சுத்திகரிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும், அல்லது இரத்தம் ஓடும் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இயந்திரம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரமாக இரத்த மாதிரி எடுத்தால், அப்போதுதான் சுத்தமாகி வெளிவந்த இரத்தம் அதில் கலந்துவிடலாம். அப்போது சோதனைச் சாலை 60-க்குப் பதில் 50 என்று சொல்லும். கணக்குப் போட்டால் 67 விழுக்காடு. "தேர்ச்சி!" என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள். நோயாளியோ கழிவு முழுதும் நீங்காமல் வீடு திரும்புவார். இயந்திரம் ஒன்றே, நோயாளி ஒருவரே. மாதிரி எடுத்த முறை மாறியதால் தவறான வைத்தியம் நல்ல வைத்தியமாகிவிட்டது! ஆகவே, எதை அளப்பது என்பதோடு எப்போது, எப்படி, எந்த முறையில் அளப்பது என்பதையும் எல்லா மையங்களும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சங்கத்தில் கெஜக்கோலும் மற்றொன்றில் மீட்டர் கோலும் வைத்துக்கொண்டு சேலை நீளத்தை ஒப்பிட முடியுமா?

அளவுகோல் என்றும் மாறாதது என்றும் எண்ணிவிடக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை வரும். ஹீமோகுளோபினை ஊசி மருந்தால் 13 கிராமுக்கு மேல் உயர்த்தி, இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தால் நல்லது என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2006-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், அவ்வளவு உயர்த்துவதால் இதயத்துக்கு நன்மை இல்லை என்று காட்டின. அவற்றுள் ஒன்றில் தீமையே மிகுந்திருந்தது. அதன்பின் அளவுகோலைத் திருத்தினார்கள். எழுதி வைத்த விவரம் நம் நம்பிக்கையையும் சோதிக்கிறது.

வராதவர்கள் எங்கே?

இனி ஒரு சிறு புதிர். "அ" என்று ஒரு மருத்துவமனை, "ஆ" என்று மற்றொன்று. இரண்டும் கற்பனையே. இரண்டிலும் ஆண்டின் தொடக்கத்தில் நூறு நூறு இரத்த அழுத்த நோயாளிகளின் பெயர்கள் பதிவாயின. ஆண்டின் முடிவில் "அ" மருத்துவமனை, "எங்களிடம் வருவோரில் 90 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது" என்று அறிவிக்கிறது. "ஆ" மருத்துவமனை, "எங்களிடம் 76 விழுக்காடு" என்கிறது. எது சிறந்தது?

விடை சொல்ல அவசரப்படாதீர்கள். இரண்டின் ஏட்டையும் திறந்து பார்ப்போம். "அ"-வில் நூறு பேரில் ஆண்டு முடிவில் வந்துகொண்டிருந்தவர்கள் 60 பேர்தான். அவர்களில் 54 பேருக்கு அழுத்தம் கட்டுப்பட்டிருந்தது. 60-க்கு 54 என்றால் 90 விழுக்காடு. "ஆ"-வில் 95 பேர் தொடர்ந்து வந்தார்கள். அவர்களில் 72 பேருக்குக் கட்டுப்பட்டிருந்தது. தொடக்கத்தில் பதிவான நூறு பேரையும் கணக்கில் கொண்டால், "அ"-வில் 54 பேர், "ஆ"-வில் 72 பேர்!

"அ"-வில் காணாமல்போன நாற்பது பேர் யார்? சிலர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். சிலரிடம் பஸ்ஸுக்குக் காசு இருந்திராது. சிலர், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்தியிருக்கலாம். சிலர் இறந்தும் போயிருக்கலாம். நம் மாகறல் தாத்தா அந்த நாற்பது பேரில் ஒருவராக இருந்தால், 90 என்ற அழகான எண் அவருக்கு என்ன பயன் தரும்? அந்த எண் அழகாக இருப்பதற்கே அவர் வராமற்போனதும் ஒரு காரணம்.

நல்ல பதிவேட்டில் வந்தவரின் அளவு மட்டும் இருந்தால் போதாது. வராதவரின் பெயர் எதிரே ஒரு வெற்றிடம் இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

ஒப்பிடும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு முதியவர்களும் மிகவும் நலிந்தவர்களும் அதிகம் வந்தால், அங்கே இறப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. ஆகவே வயதையும் நோயின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மற்றொன்று, பத்தே நோயாளிகள் உள்ள இடத்தில் ஒருவர் இறந்தாலே பத்து விழுக்காடு ஆகிவிடும். சிறிய எண்ணிக்கையைக் கொண்டு பெரிய தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கதவைத் தட்டிய பெண்கள்

வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது நடக்கிற காரியமா? நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. சென்னையின் புகழ்பெற்ற சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களும் சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையும், 1990-களின் இறுதியில், சென்னைக்கு அருகே சுமார் 25,000 மக்கள் வாழும் கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பழுதான சிறுநீரகத்துக்கு டயாலிசிஸும் மாற்று அறுவையும் செய்ய ஏராளமான பணம் வேண்டும். பழுதாகாமல் காப்பது மலிவு. அதை எல்லா மக்களுக்கும் செய்ய முடியுமா என்று பார்ப்பதே அவர்களின் நோக்கம்.

பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் வீடு வீடாகச் சென்று ஒரு வினாத்தாளைப் பூர்த்தி செய்தார்கள், இரத்த அழுத்தத்தை அளந்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சோதனைக்கு எந்தக் கருவி தெரியுமா? உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பெனடிக்ட் கரைசல்தான்! சிறுநீரில் சர்க்கரை இருந்தால், சூடாக்கும்போது நீலக் கரைசல் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும். ஆல்புமின் என்னும் புரதம் இருக்கிறதா என்று பார்க்க சல்ஃபோ சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். புரதம் இருந்தால் சிறுநீர் பால்போல் கலங்கும். பழுது தென்பட்டவர்களை மருத்துவர் பார்த்தார். விலை குறைந்த பழைய மாத்திரைகளையே கொடுத்தார்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடாமல், திரும்பத் திரும்ப அளந்து ஏட்டில் எழுதினார்கள்.

பலன் என்ன? இரத்த அழுத்த நோயாளிகளில் 96 விழுக்காட்டினருக்கு அழுத்தம் 140/90 என்ற அளவுக்குள் வந்தது. நீரிழிவு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னர் திட்டத்தைப் பக்கத்துப் பகுதிக்கும் விரிவாக்கியபோது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய பகுதியில் வடிகட்டும் வேகம் 80-க்குக் கீழே குறைந்தவர்கள் ஆயிரத்துக்கு 28 பேர். ஏற்கெனவே கவனிக்கப்பட்ட பகுதியில் ஆயிரத்துக்கு 11 பேர்.

இங்கும் விஞ்ஞான மாணவராக ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு பகுதிகளும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தனவா? இருந்திருந்தால் இந்த வேறுபாடு சிகிச்சையின் பலனே. இல்லாவிட்டால் வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம். கேள்வி எழுவது நல்லதே. ஏடு இருப்பதால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிகிறது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்திலும், பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தரும் முறை இடம்பெற்றது. வீட்டிலேயே வயிற்றுச் சவ்வின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகளையும் கொண்டுபோய்க் கொடுக்க அதில் ஏற்பாடு செய்யப்பட்டது.

பாதிப் பேர் கடைசிப் படியில்

நாடு முழுவதற்கும் இத்தகைய ஏடு உண்டா? இந்திய சிறுநீரக மருத்துவர்கள் சங்கத்தின் முயற்சியால் 2005-இல் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கான பதிவேடு தொடங்கியது. மருத்துவர்கள் தாமாக முன்வந்து விவரங்களை அனுப்பினார்கள். 2012-இல் வெளியான அதன் அறிக்கையில் 52,273 நோயாளிகளின் விவரங்கள் இருந்தன. நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டிருந்தது. 13 பேருக்கு இரத்த அழுத்தத்தால் கெட்டிருந்தது. 16 பேருக்குக் காரணமே தெரியவில்லை.

எல்லாவற்றினும் வருந்தத்தக்க செய்தி வேறு. பதிவானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், நூற்றுக்கு 48 பேர், சிறுநீரக மருத்துவரிடம் வந்தபோதே ஐந்தாம் படியில் இருந்தார்கள்! நீரிழிவும் இரத்த அழுத்தமும் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவை. எத்தனையோ ஆண்டுகள் மாத்திரையால் அடக்கி வைத்திருக்கக் கூடியவை. அந்த ஆண்டுகளெல்லாம் யாரும் அளக்காமல் கழிந்துவிட்டன.

இந்தப் பதிவேட்டிலும் ஒரு வெற்றிடம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? சிறுநீரக மருத்துவரை அணுகியவர்கள்தாம் இதில் இருக்கிறார்கள். அவரிடம் வந்து சேராமலே இறந்தவர்கள் இதில் இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டோடு கிராமத்தில் வீடு வீடாக எடுத்த கணக்கும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

தாத்தாவின் விவரம் தாத்தாவுக்கே உரியது

உங்களில் சிலர் ஐயப்படலாம். ஒருவருடைய நோயைப் பற்றி ஏட்டில் எழுதி ஊருக்கெல்லாம் காட்டுவது முறையா? இல்லை. நோயாளிக்கு மருத்துவம் செய்பவர் அவர் பெயரை அறிந்திருக்க வேண்டும், வராவிட்டால் தேட வேண்டுமே! ஆனால் பல மருத்துவமனைகளை ஒப்பிடுபவருக்குப் பெயர் தேவையில்லை. ஓர் எண், வயது, நோயின் நிலை, அளவுகள் ஆகியவை போதும். எதற்காக எழுதுகிறோம் என்பதை நோயாளிக்குச் சொல்லி, அவர் இசைவைப் பெறுவதும் முறை.

மற்றொன்றும் முக்கியம். குறை கண்டதும் பணியாளரைத் தண்டிப்பதே வழக்கமானால் என்ன ஆகும்? அடுத்த முறை 60 என்ற எண்ணை 67 என்று எழுதி வைப்பார்கள். ஏடு பொய்யாகும். குறையை எழுதியவருக்கு நன்றி சொல்லி, குறை ஏன் வந்தது என்று தேடும் இடத்தில்தான் உண்மையான எண்கள் கிடைக்கும்.

நீங்கள் செய்யக் கூடியது

உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா? அவர்களுடைய மருந்துச் சீட்டுகளும் சோதனைத் தாள்களும் ஒரு மஞ்சள் பைக்குள் மடங்கிக் கிடக்கும். அவர்களுடைய அனுமதியோடு அவற்றை எடுத்து நாள்வாரியாக அடுக்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: நாள், இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின். தாளில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். சோதனை செய்யாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நோட்டைப் பார்த்து நீங்களே மருந்து சொல்லவோ, மாத்திரையை நிறுத்தவோ கூடாது. அது மருத்துவரின் வேலை. கிரியாட்டினின் கட்டம் முழுவதும் வெற்றிடமாக இருந்தால், "இந்தச் சோதனை செய்ய வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகச் சோதனை வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: டயாலிசிஸுக்கு முன் யூரியா 140, பின் 42. எத்தனை விழுக்காடு குறைந்தது? தர அளவை எட்டியதா? விடை: 70 விழுக்காடு, எட்டியது. ஆனால் மாதிரியைச் சரியான முறையில் எடுத்தார்களா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் உங்களுக்கு முழு மதிப்பெண்!

மாகறலைத் தாண்டிச் சென்றால் வரும் உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் பொறித்தவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்பது அந்த விதிகளில் ஒன்று. ஏரிக்கும் தோட்டத்துக்கும் கணக்குக் கேட்ட ஊரார் அவர்கள். நம் தாத்தா பாட்டியின் சிறுநீரகங்களுக்கும் அப்படி ஒரு கணக்கை நாம் கேட்கலாம். முதல் பக்கத்தை உங்கள் வீட்டு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.